கதையிடம் பூக்கேட்ட பொன்னாயி

கதை என்ற ஒன்றை உலகத்தில் முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று தெரியாது. அதில் பிழை கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் மட்டும் கொட்டச்சேட்டில் பால்குடி மறக்காத குழந்தைகூடக் கை காட்டும்: பொன்னாயி. மெட்ராசில் டைரக்டர்கள் படத்தை முடித்துப் பெட்டியில் அடைத்ததும் முதல் கும்பிடு வடபழனி முருகனுக்குப் போடுவார்களாம். அடுத்த கும்பிடு ஏற்காட்டு மலைப் பக்கம் திரும்பி, "பொன்னாயிம்மா, பார்த்துச் செய்யுங்க" என்று. அவள் உதட்டைப் பிதுக்கினால் நூறு நாள் ஓட வேண்டிய படம் மூன்றாம் நாளே பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். சேர்வராயன் மலையில் மழை பொய்த்தாலும் பொய்க்கும், பொன்னாயி சொன்னது பொய்க்காது.

இதில் பாதி பொய். மீதிப் பாதி மளிகைக்கடை ஷஹீதா சேர்த்துச் சொன்னது.

உண்மை இவ்வளவுதான். பொன்னாயி காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். எழுத்துத் தெரியாது. பெயர் எழுத வேண்டிய இடத்திலெல்லாம் கட்டைவிரலை வைத்துவிட்டு வருவாள். ஆயுசில் பார்த்த படம் பதினொன்று. அந்தப் பதினொன்றையும் செடிக்குச் செடி நகர்ந்துகொண்டே ஒரு வசனம் பிசகாமல் சொல்லுவாள். சொல்லும்போதே திருத்தவும் செய்வாள். "இந்த எடத்துல அண்ணங்காரன் வந்திருக்கக் கூடாதுங்க. டைரக்டருக்கு வேற வழி தெரியலை, கூட்டியாந்துட்டாரு" என்பாள். கேட்பவர்களுக்குத் தியேட்டரில் பார்த்தபோது தோன்றாதது அப்போதுதான் தோன்றும்.

அவளுக்கு ஒரே மகள், மாரியம்மாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு என்று பஸ் ஏறிப் போனாள். ஒரு கடிதம் வந்தது. அப்புறம் வரவில்லை. தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் தேவசிகாமணி தெரிந்த ஆளை விட்டு விசாரித்ததில், அந்தக் கம்பெனியை விட்டு எப்போதோ நின்றுவிட்டாள் என்றார்கள். எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஷஹீதா அந்த மாரியம்மாளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். பத்தாவதில் கணக்கு அவளைக் கைவிட்டது. அவள் அதற்கு முன்பே கணக்கைக் கைவிட்டிருந்தாள். இப்போது பதினேழு வயது. பஸ் நிற்கும் இடத்தில் அவளுடைய அத்தா அப்துல் மஜீத்துக்கு டீக்கடையும் ஒட்டினாற்போல் மளிகையும். மளிகைப் பக்கம் ஷஹீதாவின் ராஜ்ஜியம். ஏரிக்கு வழி கேட்கும் டவுன்காரர்களை எங்கோ இருக்கும் மஞ்சக்குட்டைக்கு அனுப்பிவைப்பது, ஜீப் ஓட்டும் கிறிஸ்துதாசுக்குச் சர்க்கரை டப்பாவில் உப்பை நிரப்பிவைப்பது என்று மக்கள் சேவையில் நாள் போயிற்று.

வியாழக்கிழமை மத்தியானம் சேலத்துப் பஸ்ஸில் வாரப் பத்திரிகைக் கட்டு வரும். அதில் 'ஈரப் படித்துறை' என்று ஒரு தொடர்கதை. காவேரிக் கரையில் ஒரு தாயும் மகளும். மகள் பெயர் செண்பகம். பன்னிரண்டாவது வாரத்தில் செண்பகம் பட்டணத்துக்கு வேலைக்குப் போனாள். பதின்மூன்றாவது வாரத்திலிருந்து அவளிடமிருந்து கடிதம் இல்லை.

அந்த வாரத்திலிருந்து பொன்னாயி ஒரு வியாழன்கூடத் தவறியதில்லை. வேலை முடிந்து ஐந்து மணிக்குக் கடையின் பின்பக்கம் வந்து, அரிசி மூட்டை மேல் சாய்ந்துகொண்டு, "படி கண்ணு" என்பாள். ஷஹீதா படிப்பாள். சும்மா படித்தால் அவளுக்குக் கை அரிக்கும். ஒரு வாரம் ஊர்ப் பெரியவரைச் சாணியில் வழுக்கி விழவைத்தாள். எழுதியவருக்கே தெரியாமல் விழுந்து எழுந்துபோன அந்தப் பெரியவரை நினைத்துப் பொன்னாயி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

பதினெட்டாவது வாரம் படித்து முடித்ததும் பொன்னாயி எழுந்து போகவில்லை. "கண்ணு, ஒண்ணு சொன்னாச் சிரிக்கக் கூடாது" என்றாள்.

"சிரிக்கறதுக்குன்னே பொறந்தவ நானு. இருந்தாலும் சொல்லுங்க."

"மாரியம்மா வருவாளா மாட்டாளான்னு கோயில்ல பூக்கேக்கலாமுன்னு அல்லாரும் சொல்றாங்க."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் நடக்கும். சிவப்பு வந்தால் இல்லை. கல்யாணம், கிணறு, காணாமல் போன மாடு எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கத்தில் பூதான் தீர்ப்பு.

"கேக்க வேண்டியதுதானே?"

"பயமா இருக்குது சாமி. செவப்பு வந்துட்டா? சாமி இல்லைன்னு சொல்லிப்புட்டா அதுக்கு மேல யாருகிட்டப் போறது? அதான், நான் இந்தக் கதைகிட்டக் கேட்டிருக்கேன். செண்பகம் திரும்பி வந்தா எம் புள்ளையும் வருவா."

ஷஹீதா சிரிக்கவில்லை.

அடுத்த வியாழன் கட்டைப் பிரித்ததும் பத்தொன்பதாவது வாரத்தை எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தின் அடியில் செண்பகத்தைப் படித்துறையில் கிடத்தியிருந்தார்கள்.

மணி இரண்டு. ஐந்துக்குப் பொன்னாயி வருவாள். பத்திரிகையை ஒளித்துவைத்தால் கடைக்கு வேறு யாராவது வாங்க வருவார்கள். காய்ச்சல் என்று படுத்தால் வெள்ளிக்கிழமை வருவாள். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் வேறு படிப்பாளி தேவசிகாமணி ஒருவர்தான். அவர் வாரா வாரம் படிக்க மாட்டார். முழுக்கதையும் முடிந்த பிறகு பழைய இதழ்களை வாங்கிக் கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணித்தான் படிப்பார். துண்டு துண்டாகத் தின்றால் செரிக்காது என்பது அவர் கட்சி. ஆகவே பிடிபட ஒரு வருஷமாவது ஆகும்.

ஐந்து மணிக்குப் பொன்னாயி சாய்ந்து உட்கார்ந்தாள். ஷஹீதா பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, செண்பகத்தைப் படித்துறையிலிருந்து எழுப்பிவிட்டாள். பட்டணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பதாகவும், அவமானத்தால் கடிதம் போடவில்லை என்றும், இப்போது ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டாள் என்றும் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"அப்பாடி" என்றாள் பொன்னாயி. அவ்வளவுதான்.

ஒரு வாரத்தோடு தீருகிற பொய்யா அது? பொன்னாயிக்கு ஞாபகம் உடும்புப் பிடி. போன வாரம் ஆஸ்பத்திரியில் எத்தனை மாடி என்பதை அவள் மறக்க மாட்டாள். அதனால் புதன்கிழமைதோறும் ஷஹீதா பழைய கணக்கு நோட்டின் காலிப் பக்கங்களில் எழுதிவைத்து, மறுநாள் பத்திரிகைக்குள் செருகிப் படித்தாள். இருபத்தோரு வாரம். அந்த நோட்டில் ஒரு கணக்கும் சரியாக வந்ததில்லை. கதையாவது வரட்டும் என்று எழுதினாள். கடைசி வாரத்தில் செண்பகம் ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினாள். தாய் அவளைக் கட்டிக்கொண்டாள். ஷஹீதாவுக்கு எழுதும்போதே மூக்கு ஒழுகியது. பூவைக் கையால் மாற்றிவைத்தாயிற்று, இனித் தொல்லை விட்டது என்று நினைத்தாள்.

படித்துக் காட்டிய மறுநாள் சாயங்காலம் ஐந்தரை பஸ் வந்தபோது பொன்னாயி ரோட்டோரம் நின்றிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து, துவைத்த சேலை கட்டியிருந்தாள். இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பஸ் போனது. அவளும் போனாள். அடுத்த நாளும் நின்றாள். அதற்கடுத்த நாளும். மழைக்காலம் வந்தது, சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு நின்றாள். காய்ச்சலோடு நின்றாள். நான்கு மாதம் தினமும் அந்தப் பஸ் ஹாரன் கேட்டால் ஷஹீதா மளிகைக்குள் போய்ப் பருப்பு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை ரோட்டைத் தாண்டிப் போனாள். மூன்று தடவையும், "குளுருதுங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

அப்போதுதான் படம் வந்தது.

'ஈரப் படித்துறை'யை டைரக்டர் குலசேகர் படமாக்கிவிட்டார். சேலத்துத் தியேட்டரில் போட்டிருந்தார்கள். மலை ஏறும் பஸ்களின் முதுகிலெல்லாம் போஸ்டர். தேவசிகாமணிக்குக் குலசேகர் என்றால் குலதெய்வம் மாதிரி. கிறிஸ்துதாசுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே கொட்டாவி வரும். டீக்கடையில் மற்ற சத்தம் அடங்கி இந்தச் சண்டை மட்டும் கேட்டது.

பொன்னாயி நேராக வந்து, "செண்பகம் பஸ்ஸை விட்டு எறங்கறதை எப்புடி எடுத்திருக்கறாருன்னு பாக்கோணும்" என்றாள்.

ஷஹீதா நடக்கப்போவதை நினைத்துப் பார்த்தாள். இந்தப் பெண் இருட்டுக்குள் உட்கார்ந்து, இறங்கப்போகிற மகளுக்காகக் காத்திருந்து, படித்துறையில் கிடக்கும் மகளைப் பார்ப்பாள். சாமியிடம் கேட்கப் பயந்த கேள்விக்குச் சேலத்தில் ஆயிரம் பேர் நடுவில் சிவப்புப் பூ எடுத்துக் கொடுப்பார்கள்.

முதலில், அது வேறு கதை, பெயர் மட்டும்தான் ஒன்று என்று சொல்லிப் பார்த்தாள். பொன்னாயி போஸ்டரில் இருந்த படித்துறையைக் காட்டினாள். அந்தப் போஸ்டரை ஷஹீதா கிழித்து, பழியை ஆட்டின் மேல் போட்டாள். அடுத்து, படத்தைத் தூக்கிவிட்டார்கள் என்றாள். தேவசிகாமணி பேப்பரைக் கொண்டுவந்து விளம்பரத்தைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்துதாஸ் ஜீப்பில் எல்லோரும் மேட்னி போவதாக ஏற்பாடு. பொன்னாயிக்கும் ஒரு இடம். ஞாயிறு காலை பார்த்தால் ஜீப்பின் பின்சக்கரம் இரண்டும் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தன.

"எந்த நாய்டா காத்தைப் புடுங்கிவுட்டது?" என்று கிறிஸ்துதாஸ் கத்தினான்.

நாய் கடைக்குள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தது.

பொன்னாயி ஜீப்பைப் பார்த்தாள். ரோட்டுக்கு வந்து பஸ் ஏறிவிட்டாள். ஷஹீதா பஸ்ஸின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினாள். "பொன்னாயிம்மா, எறங்குங்க, ஒண்ணு சொல்லோணும்!" என்று கத்தினாள். ஷஹீதாவின் குறும்பு ஊருக்கே தெரியும் என்பதால் கண்டக்டர் சிரித்துக்கொண்டே விசில் ஊதினார்.

சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸிலிருந்து பொன்னாயிதான் இறங்கினாள். கடைப் பக்கம் பார்க்கவில்லை. அன்றிலிருந்து மூன்று நாள் அந்தப் பஸ்ஸுக்கு யாரும் காத்திருக்கவில்லை. ரோட்டோரம் அந்த இடம் வெறிச்சென்று கிடந்ததைப் பார்க்க, அவள் நின்றதே தேவலை என்றிருந்தது ஷஹீதாவுக்கு. சோறு இறங்கவில்லை. அத்தா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒடம்பு சூடு இல்லையே. எதைப் போட்டு ஒடைச்சே?" என்றார்.

வியாழக்கிழமை வந்தாள். பின்பக்கம் போகாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். தேவசிகாமணியும் கிறிஸ்துதாசும் உச்சத்தில் இருந்தார்கள். அதற்குள் ஜீப் சரியாகி, இருவரும் படம் பார்த்துவிட்டிருந்தார்கள்.

"நாவல்ல நாப்பது வாரம் எழுதுனதை ஒரே ஷாட்டுல காட்டிட்டாருய்யா மனுசன்!" என்றார் தேவசிகாமணி. "அம்மாக்காரி சோத்துத் தட்டு ரெண்டையும் கழுவறா. ஒண்ணை மட்டும் தூக்கிப் பரண்ல வெக்கறா. பேச்சு இல்லை, பாட்டு இல்லை."

"தட்டுக் கழுவறதைப் பாக்க நான் அடிவாரம் எறங்கிச் சேலம் போவோணுமா ரைட்டரே? எங்க ஊட்டுலயே கழுவறாங்க" என்றான் கிறிஸ்துதாஸ். "கதையில வர்ற வாத்தியாரு எங்க போனாரு? தம்பிக்காரன் எங்க போனான்? பாதியை வெட்டிட்டான்."

"புத்தகத்தை அப்புடியே எடுத்தா அதுக்குப் பேரு படமா? காப்பிப் பழத்தை அப்புடியே மென்னாக் காப்பியாகுமா? தோலை உரிக்கோணும், காய வெக்கோணும், வறுக்கோணும்."

"வறுத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லலீங்க. கருக்கிட்டான்னுதான் சொல்றேன்."

மஜீத் டீயை ஆற்றிக்கொண்டே, "பொன்னாயி வந்திருக்குதில்ல, அதுகிட்டக் கேளுங்கப்பா" என்றார்.

கடையே திரும்பியது. மளிகைத் தட்டிக்குப் பின்னால் ஷஹீதா உளுந்து அளந்துகொண்டிருந்த படியோடு அப்படியே நின்றாள்.

பொன்னாயி டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "தட்டுத் தப்புங்க ரைட்டரய்யா" என்றாள். "போன புள்ளையோட தட்டை எந்தத் தாயும் தூக்கி மேல வெக்க மாட்டா. தெனமும் ரெண்டையும் எடுத்து வெப்பா. ரெண்டையும் கழுவுவா. சோறு திங்காத தட்டைக் கழுவறதுதான் கஷ்டம். அதை எடுத்திருக்கோணும்."

தேவசிகாமணி டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"பொறவு, செத்த சேதி வர்றப்ப மழை எதுக்குங்க? மழை பேஞ்சா சும்மாவே அழுவாச்சி வரும். சேதி வெய்யல்ல வரும். பழம் பறிச்சுக்கிட்டு இருக்கறப்ப வரும். கூடை பாதி நெறைஞ்சிருக்கும். அதைக் கீழ வெக்கறதா, மீதியைப் பறிக்கறதான்னு தெரியாம நிப்பா. அது தெரியலை உங்க குலசேகருக்கு."

கிறிஸ்துதாஸ் ஜெயித்த சந்தோஷத்தைக் காட்டாமல் தரையைப் பார்த்தான். தேவசிகாமணிதான், "அது சரி பொன்னாயி, நாவல்ல அந்தப் புள்ள திரும்பி வந்துட்டான்னு லைன் பூரா சொல்லிக்கிட்டிருந்தியே? பைண்டு எங்கிட்ட இருக்குது. போன மாசம்தான் படிச்சேன். பத்தொம்பதாவது வாரமே சாவு. உனக்கு யாரு அப்புடிச் சொன்னது?" என்றார்.

தட்டிக்குப் பின்னால் ஒரு படி உளுந்து கொட்டியது.

"எங் காதுல தப்பா வுழுந்திருக்குங்க" என்றாள் பொன்னாயி. "எனக்கு எழுத்தா தெரியும்?"

டீயைக் குடித்து முடித்து, கிளாசைக் கழுவி வைத்துவிட்டுப் பின்பக்கம் வந்தாள். ஷஹீதா தரையில் உட்கார்ந்து உளுந்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. பொன்னாயியும் எதிரில் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள். பறித்துப் பழகிய விரல்கள். ஷஹீதா ஒன்று எடுப்பதற்குள் அவள் பத்து எடுத்தாள்.

"அந்தப் பத்திரிகைக்காரங்க ரெண்டு விதமா அச்சடிப்பாங்களாம்" என்றாள் ஷஹீதா. "சேலத்துக்கு ஒரு மாதிரி, மலைக்கு ஒரு மாதிரி..."

சொல்லும்போதே அது செத்துப் பிறந்த பொய் என்று அவளுக்கே தெரிந்தது. "நாந்தாங்க. நான்தான் மாத்திப் படிச்சேன்."

"தெரியும்."

"படத்தைப் பாத்துட்டா?"

"மொத வாரமே தெரியும். அச்சுல இருக்கறதை நீ திக்கித் திக்கிப் படிப்பே, கல்லு ரோட்டுல ஜீப்புப் போறாப்புல. அன்னிக்குத் தார் ரோட்டுல போனே. பொறவு அந்தச் செண்பகம் லெட்டரு போட்டாளே, 'ஊட்டுக்கு வாரேன், நொம்ப நாளாச்சு'ன்னு. காவேரிக் கரைப் புள்ளை நம்மாட்டம் ஊடுன்னு எழுதுவாளா கண்ணு?"

ஷஹீதாவுக்கு அழுகையோடு சிரிப்பும் முட்டியது. இரண்டும் வெளியே வரவில்லை. "தெரிஞ்ச பொறவு எதுக்குங்க தெனமும் பஸ்ஸுக்கு நின்னீங்க? காச்சலோட நின்னீங்களே!"

பொன்னாயி கையிலிருந்த உளுந்தை முறத்தில் போட்டாள்.

"நீ எம் புள்ளகூட ஒண்ணாப் படிச்சவ. உனக்கு அவ எதாவது எழுதியிருப்பா, எங்கிட்ட நேராச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருப்பா, அதான் நீ கதையாட்டம் சொல்றேன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரின்னே. ஆயா வேலைன்னே. பஸ்ஸுல வருவான்னே. சரி, வருவான்னு நின்னேன்."

ஷஹீதா தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை என்று ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. ஒன்றுமே தெரியாது.

"ஒண்ணும் வரலைன்னு படத்தைப் பாத்த பொறவுதான் தெரிஞ்சுது" என்றாள் பொன்னாயி. "செண்பகம் எறங்கறதைப் பாக்கோணும்னு சும்மா சொன்னேன், புத்தகத்துல அன்னிக்கு என்ன இருந்துச்சுன்னு பாக்கத்தான் போனேன், பாத்துட்டேன். அதை மறைக்கத்தான் எழுதியிருக்கறே."

அவள் குரலில் கோபம் இல்லை. படத்தில் அண்ணன்காரன் தப்பான இடத்தில் வந்துவிட்டான் என்று சொல்லும் அதே குரல்.

"எம் புள்ள வந்துருவான்னு உம் மனசுல இருந்திருந்தா, யாரோ ஒரு செண்பகம் செத்ததை நீ அப்புடியே படிச்சிருப்பே. சாணியில வழுக்கி வுழுந்தான்னு நடுவுல ஒண்ணைச் சேத்துச் சிரிச்சிருப்பே. நீ மாத்துனியே சாமி. ஏன் மாத்துனே? மாரியம்மா வருவான்னு நீ நம்பலையா?"

ஷஹீதாவின் கையில் ஒரு உளுந்து இருந்தது. அதை முறத்தில் போடவும் தெரியவில்லை, கீழே விடவும் தெரியவில்லை.

"சொல்லு கண்ணு" என்றாள் பொன்னாயி. "இதையாவது மாத்தாமச் சொல்லு."